கொட்டாவி வெயில்

அத்தியாயம் 11

நமக்கு ஒரு வாரம் ஓடிவிட்டது. அவர்களுக்கு ஓர் இரவுதான் கழிந்திருக்கிறது.

நேற்று அரையிறுதியில் தவளை எட்டாவதாக வந்து, மயிரிழையில் இறுதிப் போட்டிக்குள் நுழைந்தாள். கடைசித் திருப்பத்தில் சுவரைத் தொட்டுத் திரும்பியவளுக்கு இரண்டு வீச்சுத் தூரம் ஏன் வேகம் குறைந்தது என்று பயிற்சியாளர் கேட்டார், அப்பா கேட்டார், ஊரிலிருந்து ஃபோனில் அம்மாவும் கேட்டாள். மூவருக்கும் தெரியலை என்ற ஒரே பதிலைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் போர்வைக்குள் புகுந்துவிட்டாள். பார்வையாளர் மாடத்தின் கடைசி வரிசையில், தண்ணீரிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்திருந்த நீலச் சட்டைக்காரியை அவள் பார்த்துவிட்டாளா என்பதுதான் போன வாரம் நாம் கேட்டுவிட்டு வந்த கேள்வி.

பார்த்துவிட்டாள். உங்களை இன்னும் காக்கவைப்பது நியாயமில்லை.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்காக இரண்டு வரி. தவளை பதினாறு வயதுப் பெண். தவளை மாதிரிக் காலை உதைத்து நீந்துவதில் கெட்டிக்காரி என்பதால் வந்த பெயர். முதலில் கோபித்துக்கொண்டாள், பிறகு பழகிவிட்டாள். அவள் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், நமக்குக் கண்ணாடிக்காரர். நீலச் சட்டைக்காரி அவருடைய ஒரே தங்கை, தவளையின் அத்தை. அண்ணனும் தங்கையும் பேசி ஒன்பது வருஷமாகிறது. தவளைக்கு ஏழு வயதாக இருந்தபோது, குளத்தில் அத்தையின் பிடியிலிருந்து நழுவி மூழ்கப் பார்த்தாள். அத்தையேதான் முங்கித் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆனாலும் இரண்டு நாள் ஆஸ்பத்திரி. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ஏன் கையை விட்டே என்று அண்ணன் கேட்டார். விட்டுட்டேன் என்றாள் தங்கை. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பொண்ணு பக்கத்துல இனிமே வராதே என்றார் அவர். அவள் வரவில்லை. இந்த நகரத்துக்கு வந்து, வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லும் தகவல் மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்றைக்கு இடைநாள். அரையிறுதிக்கும் நாளைக் காலைப் பத்து மணி இறுதிப் போட்டிக்கும் நடுவில் சும்மா இருக்க வேண்டிய நாள். ஆனால் சும்மா இருப்பது அவ்வளவு சுலபமா என்ன? நாளெல்லாம் அறைக்குள் இருந்தால் மனசு கெட்டுப்போகும், நாளெல்லாம் சுற்றினால் கால் கெட்டுப்போகும் என்பது பயிற்சியாளரின் கட்சி. உட்கார்ந்து பார்க்கிற இடமாகப் பார்த்துப் போய்விட்டு ஆறு மணிக்குள் திரும்பச் சொல்லியிருந்தார். எல்லா விளையாட்டுக்காரர்களும் தங்கியிருந்த போட்டியாளர் விடுதியில் அறைச் சாவியோடு ஒரு மஞ்சள் தாளும் கொடுத்திருந்தார்கள். 'இடைநாளில் என்ன செய்யலாம்?' என்று மேலே கொட்டை எழுத்து. அதில் முதலில் இருந்த மணிக்கூண்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு படிகள் என்பதால் பயிற்சியாளர் அதைப் பேனாவால் அடித்துவிட்டார்.

சாப்பாட்டுக் கூடத்தில் ரொட்டியை வைத்துக்கொண்டு கண்ணாடிக்காரர் அந்தத் தாளை எடுத்தார். எதையும் அவர் கீழ் வரியிலிருந்துதான் படிப்பார். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையில் பொடி எழுத்து கீழேதான் இருக்கும். அது தெரிந்துவிட்டால் மேலே இருப்பதெல்லாம் தெரிந்த மாதிரிதான். இருபது வருஷப் பழக்கம், கல்யாணப் பத்திரிகையைக்கூட அச்சகத்தின் பெயரிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

கடைசி வரி இப்படி இருந்தது: 'மாலை நான்கு மணிக்கு மேல் ஏரியின் கிழக்குக் கரைப் படிகளில் உட்கார்ந்து கொட்டாவி வெயில் காயலாம்.'

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். ரொட்டித் துண்டு கையிலேயே இருந்தது.

"இன்னிக்கு எங்கேயும் வேணாம். ரூம்லயே இருப்போம்" என்றார்.

தவளை அந்தத் தாளை நேற்றே படித்துவிட்டிருந்தாள். மீன் பார்க்கணும் என்றாள். பிறகு செடி வீடு. பிறகு படகு. எதிர்க் கரைக்கு என்று மட்டும் சொல்லவில்லை. பெண் கேட்டதை மறுக்கும் தைரியம் கண்ணாடிக்காரருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

*

அதே மஞ்சள் தாளின் முன்னால் தகவல் மேசையில் அத்தை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலையிலிருந்து பதினேழு பேர் கேட்டுவிட்டார்கள். கொட்டாவி வெயில்னா என்னங்க? ஒரு குண்டு எறிதல் வீரர் அதற்கு டிக்கெட் எங்கே வாங்குவது என்று விசாரித்தார். ஒரு சைக்கிள் வீராங்கனையின் அம்மா, அது சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்றாள்.

நாற்பது வயதில்தான் அத்தைக்கு அந்த விஷயம் தெரிந்தது. அது ஊரில் யாருக்குமே தெரியாத வார்த்தை.

ஐந்து வயதில் அவள் வைத்த பெயர் அது. நாலு மணிக்கு மேல் ஜன்னல் வழியாகச் சாய்ந்து வந்து கூடத்துத் தரையில் பாய் மாதிரி கிடக்கும் வெயில். அதில் யார் போய் உட்கார்ந்தாலும் கொட்டாவி வந்துவிடும். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான், அப்பா பிடித்துக்கொண்டார், அப்புறம் அது வீட்டு மணியாகவே ஆகிவிட்டது. கொட்டாவி வெயில் வந்தாச்சு, துணியை எடுங்க. கொட்டாவி வெயில் போறதுக்குள்ள கணக்குப் போட்டு முடி. வெளியாரிடம் எப்போதாவது சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்த நேரத்துக்கு எல்லாருக்கும் வீட்டுக்கு ஓடுகிற அவசரம். இளவெயில், உச்சி வெயில் மாதிரி இதுவும் ஊரார் வார்த்தைதான் என்று நம்பிக்கொண்டே வளர்ந்துவிட்டாள். மஞ்சள் தாளைத் தயாரிக்கச் சொன்னபோதும் ஒரு யோசனையும் இல்லாமல் எழுதினாள். அச்சகத்தில் மூவாயிரம் பிரதி போட்டார்கள்.

பதினோரு மணிக்கு மேலாளர் கூப்பிட்டார். மேசைமேல் தடித்த அகராதி திறந்து கிடந்தது.

"இதுல இல்லையேம்மா. இளவெயில்னு மாத்தி ஒட்டிடுங்க."

"இளவெயில் காலையில சார். இது சாயங்காலம்."

"எதுவா இருந்தாலும் கொட்டாவி வேணாம். வர்றவங்க நம்ம ஊரைப் பார்த்துக் கொட்டாவி விட்டாங்கன்னு பேரு வரணுமா?"

மூவாயிரம் தாளில் ஒட்டுவது ஆகிற காரியமில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தது. அதனால் நாலு மணிக்கு அவளையே ஏரிக்கரைக்குப் போகச் சொன்னார். தேடிக்கொண்டு வருகிறவர்களிடம் அது அச்சுப்பிழை என்று பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். எழுதியவர்தான் சரிசெய்ய வேண்டும் என்பது அலுவலக வழக்கம்.

அத்தை சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். அங்கே போகப் பயமாக இருந்தது. இரண்டு காரணங்கள். ஒன்று, இந்த நகரத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்த இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்கள் கையிலும் அந்தத் தாள் இருக்கும். வேண்டுமென்றே தூது விட்டதாக அண்ணன் நினைத்துக்கொள்வார். இன்னொன்று ஏரி. அந்தப் படிகளை அவள் தினமும் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்கிறாள், அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக அவள் கால் எந்தக் குளத்திலும் ஏரியிலும் நனைந்ததில்லை.

அண்ணன் வர வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாள். அடுத்த நிமிஷமே, வந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

*

மீன்கள் இருந்த கட்டிடம் இருட்டாக, நீலமாக, சத்தமில்லாமல் இருந்தது. நடக்கிறவர்களும் மீன்களின் வேகத்துக்கு வந்துவிட்டார்கள். தவளை ஒவ்வொரு தொட்டியின் முன்னாலும் நின்றாள். கண்ணாடிக்காரர் வழக்கம்போல் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். விரலைப் பிடித்தால் நழுவும், மணிக்கட்டு நழுவாது என்பது ஒன்பது வருஷமாக அவர் கடைப்பிடிக்கும் முறை. சாலையிலும் பிடிப்பார், படியிலும் பிடிப்பார். இருநூறு மீட்டர் நீந்துகிற பெண்ணைத் தரையில் நடக்கவிட அவருக்குப் பயம். சிநேகிதிகள் கேலி செய்வார்கள். தவளை கையை ஒரு நாளும் உருவிக்கொண்டதில்லை. அதற்குக் காரணம் இருந்தது, அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

செடி வீடு முழுக்கக் கண்ணாடியால் கட்டியது. உள்ளே ஒரே புழுக்கம். பெரிய பெரிய இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நுழைந்த உடனே கண்ணாடிக்காரரின் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. துடைத்தார், மறுபடி படிந்தது. துடைப்பதை விட்டுவிட்டு, பெஞ்சில் அப்படியே உட்கார்ந்தார். எதிரே பச்சையாக ஏதோ அசைந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. பக்கத்தில் பெண்ணின் முகம்கூடத் தெரியவில்லை. தெரியாதது நல்லதாகப் போயிற்று. சில மனிதர்களுக்குக் கண் தெரிந்தால் வாய் வராது.

அந்த வார்த்தை அத்தை வைத்தது என்றார். சின்ன வயதில் அவள் ஒரு நாள் அந்த வெயிலைக் கிண்ணத்தில் பிடித்து எடுத்துவந்து அவருடைய வீட்டுப்பாட நோட்டின்மேல் கொட்டினாளாம். நோட்டு சூடாயிருக்கா என்று கேட்டாளாம். இருக்கு என்று அவர் சொன்னாராம். அவளை நினைக்காத நாளே கிடையாது, நினைத்தால் கோபமும் கூடவே வருகிறது, என்ன செய்ய என்றார்.

தவளை அவர் பக்கம் திரும்பினாள். அப்போதே சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடக் குழந்தைகள் கூட்டம் ஒன்று உள்ளே நுழைந்தது, சொல்லவில்லை.

*

படகு மெதுவாகப் போகிற ரகம். படகோட்டி அதைவிட மெதுவானவர். நாலைந்து தடவை துடுப்புப் போட்டுவிட்டு, மீதியை ஏரியே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார். கண்ணாடிக்காரர் தவளைக்கு மிதவைச் சட்டையை மாட்டி, மூன்று முடிச்சும் தன் கையால் போட்டார். நாளைக்கு இறுதிப் போட்டியில் நீந்தப்போகிற பெண்ணுக்கு இது தேவையா என்று படகோட்டி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

மணி மூன்றே முக்கால் இருக்கும். வெயில் சாய ஆரம்பித்து, தண்ணீர் முழுக்க வெளிச்சமாகக் கிடந்தது. கரை எங்கே முடிகிறது, ஏரி எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. நகரத்துச் சத்தமெல்லாம் யாரோ கதவைச் சாத்திய மாதிரி அடங்கிவிட்டது. தவளை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் அடியிலிருந்து பார்த்தாளே, அதே வெளிச்சம். அன்றைக்கு அவள் பயப்படவே இல்லை. தலைக்கு மேலே மஞ்சளாக ஒரு கூரை ஆடிக்கொண்டிருந்தது, அதன் வழியாக அத்தையின் கை வந்தது. அவள் வாழ்க்கையில் பார்த்ததிலேயே அழகானது அதுதான். அதற்காகத்தான் நீந்துகிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

"நேத்து மேல் வரிசையில அத்தையைப் பார்த்தேம்பா. அதான் ஸ்லோ ஆயிட்டேன்."

கண்ணாடிக்காரர் திரும்பினார்.

"அன்னிக்கு அத்தை கையை விடலைப்பா. நான்தான் உருவிக்கிட்டேன். அடியில இருந்து வெயில் எப்படித் தெரியும்னு பார்க்கணும்னு."

படகோட்டி துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நல்ல மனிதர்.

கண்ணாடிக்காரர் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "ஏன்மா இத்தனை வருஷமாச் சொல்லலை?"

"நீங்க என்னைக் கேக்கவே இல்லையேப்பா. அத்தையைத்தான் கேட்டீங்க. அவங்க 'விட்டுட்டேன்'னு சொன்னாங்க. நான் கட்டில்ல கண்ணை மூடிக்கிட்டு முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

ஆஸ்பத்திரியில் அன்று சொல்லப் பயமாக இருந்ததாம். வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறாள், அதற்குள் அத்தை ஊரைவிட்டே போய்விட்டாள். அப்புறம் ஒவ்வொரு வருஷம் தள்ளிப்போகப் போக, சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போயிற்று. அப்பா மணிக்கட்டைப் பிடிக்கும்போதெல்லாம், உருவியது நான்தானே என்று நினைத்துக்கொள்வாளாம். இதை வைத்துக்கொண்டு நாளைக்கு நீந்த முடியாது என்றாள். நிதானமாகத்தான் சொன்னாள். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

குழந்தையைக் காப்பாற்றத் தங்கை ஒரு முறை தண்ணீரில் முங்கினாள். பிறகு, குழந்தைமேல் பழி வரக் கூடாதென்று 'விட்டுட்டேன்' என்ற ஒற்றை வார்த்தைக்குள் முங்கி ஒன்பது வருஷம் இருந்திருக்கிறாள். அது கண்ணாடிக்காரருக்கு இப்போதுதான் உறைத்தது. ஊராருக்கெல்லாம் கண் பார்க்கிறவர் அவர். அன்றைக்குத் தங்கை முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும், தெரிந்திருக்கும்.

"கிழக்குக் கரைக்கு விடுங்க" என்றார் படகோட்டியிடம்.

"அங்கதாங்க போய்க்கிட்டிருக்கோம். பாப்பா ஏறும்போதே சொல்லிடுச்சு."

*

கிழக்குக் கரைப் படிகளில் நாற்பது ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். மல்யுத்தக்காரர்கள் ஒரு படி முழுவதையும் அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தார்கள். வில்லாளிகள் இரண்டு பேர் ஒருவர் தோளில் ஒருவர் தலை சாய்த்திருந்தார்கள். சைக்கிள் வீராங்கனையின் அம்மா செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கியே போயிருந்தாள். சாய்வாக வந்த வெயில் எல்லார்மேலும் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. மேல் படியில் ஒருவர் கொட்டாவி விட்டால், அது படிப்படியாக இறங்கித் தண்ணீர் வரைக்கும் போயிற்று. நாளைக்கு ஒருவரையொருவர் தோற்கடிக்கப்போகிறவர்கள் இவர்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அத்தை மேலேயிருந்து ஏழாவது படியில் நின்றாள், அதற்குக் கீழே இறங்கவில்லை. நீலச் சட்டை, நெஞ்சில் அடையாள அட்டை, கறுப்பு ஷூ. இந்தத் தூக்கத்தைக் கலைக்க அவளுக்கு மனசே வரவில்லை. ஆனாலும் வேலை வேலைதானே. தாளில் இருப்பது அச்சுப்பிழை, அப்படி ஒரு வார்த்தை கிடையாது, சிரமத்துக்கு மன்னிக்க வேண்டும் என்று மேலாளர் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஆரம்பித்தாள்.

ஒரு மல்யுத்தக்காரர் பாதிக் கண்ணைத் திறந்தார். "இல்லாத வெயிலுக்கு இவ்வளவு கொட்டாவி எப்படிங்க வருது?"

அத்தை பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்படி ஒன்று இல்லை என்று இன்னொரு தரம் தன் வாயால் சொல்ல வேண்டும்.

"அச்சுப்பிழை இல்லைங்க" என்று கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. "எங்க வீட்டு வார்த்தை அது. இவதான் வச்சா."

அத்தை திரும்பவில்லை. ஒன்பது வருஷமாகக் கேட்காத குரல். திரும்பினால் போய்விடுமோ என்று பயம். கண்ணாடிக்காரர் படகிலிருந்து இறங்கி, பெண்ணின் மிதவைச் சட்டையைக் கழற்ற மறந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே, படுத்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி ஏறி வந்தார். தங்கைக்கு ஒரு படி கீழே நின்றார்.

"தூது விடலைண்ணா. தெரியாம எழுதிட்டேன்" என்றாள் அத்தை. "ஊர்ல எல்லாரும் சொல்ற வார்த்தைன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன் பாப்பா. கடைக்கு வர்றவங்ககிட்ட இன்னும் சொல்லிக்கிட்டிருக்கேன். அவங்களும் ஒண்ணும் கேக்கறதில்லை."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண்ணாடிக்காரர் அழுதுவிட்டார். தவளை சொன்னதைச் சொன்னார், பாதியிலேயே நிறுத்தினார். நான் உன் முகத்தைப் பார்க்கவே இல்லை என்றார். அத்தை அவருடைய கண்ணாடியைக் கழற்றி, தன் நீலச் சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டாள். சின்னப் பிள்ளைமேல பழியைப் போட்டுப் பேசாதே என்று மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் அவள் கண் அந்த மணிக்கட்டில் விழுந்தது. அவர் விரல்கள் பட்ட இடத்தில் தோல் வெளுத்திருந்தது. அண்ணனும் குனிந்து பார்த்தார். எத்தனை வருஷமாக இப்படிப் பிடித்திருக்கிறோம் என்று அவருக்கே புதிதாகத் தெரிந்த மாதிரி பார்த்தார். மெதுவாக விரல்களைத் திறந்தார்.

தவளை ஓடவில்லை. மிதவைச் சட்டையின் மூன்று முடிச்சையும் அவிழ்த்து அப்பாவின் கையில் கொடுத்தாள். படுத்திருந்தவர்களுக்கு நடுவில் இறங்கி, கடைசிப் படிக்குப் போய், கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றாள். பிறகு திரும்பி நின்று, அப்பாவைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"இந்த வாட்டி உருவ மாட்டேன் அத்தை."

ஏழாவது படியிலிருந்து தண்ணீருக்கு இன்னும் பதினான்கு படிகள். அத்தை அவற்றை எண்ணினாள். நாளைக் காலைப் பத்து மணிக்குத் தகவல் மேசையில் இருக்க வேண்டும் என்பதும், மேலாளருக்கு என்ன பதில் சொல்வது என்பதும் எங்கோ தூரத்தில் யாருடைய கவலைகளோ மாதிரி இருந்தன. மல்யுத்தக்காரர்கள் தலைக்குக் கையை முட்டுக்கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை படியில் உட்கார்ந்து வலது ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள்.

தவளை கையை நீட்டியபடியே நின்றாள். இடது ஷூவின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. கண்ணாடிக்காரர் தங்கையின் காலடியில் உட்கார்ந்து, பொடி எழுத்துப் படிப்பது போலக் குனிந்து, அதை அவிழ்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.